கைப்பட்டை சொல்லும் எண்: இதயத் துடிப்புச் சிகிச்சையும் இரத்த அழுத்தமும்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன் சிகிச்சை நடக்கும் அறையில் இதயத்தின் மின்னோட்டத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கெடுக்கிறார்கள். கேத்தீட்டர் என்ற மெல்லிய குழாயின் நுனி இதயத்துக்குள் எங்கே நிற்கிறது என்பதைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் திரை காட்டுகிறது. அதே மேசையில் படுத்திருப்பவரின் இரத்த அழுத்தமோ, பெரும்பாலும், மேல்கையில் சுற்றிய துணிப்பட்டை சில நிமிடங்களுக்கு ஒருமுறை புடைத்துத் தளர்ந்து சொல்லும் எண்ணாகத்தான் வருகிறது. ஊசி இல்லை, குத்தல் இல்லை. வார்டில் நர்ஸ் பிபி பார்க்கும் அதே முறைதான்.

இவ்வளவு பெரிய சிகிச்சைக்கு இது போதுமா என்று நோயாளியின் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் அந்த எண்ணை எந்த நேரத்தில் நம்பலாம், எந்த நேரத்தில் அது கடந்துபோன நிமிடத்தின் செய்தி என்று தெரிந்தவர்கள் அறையில் இருக்க வேண்டும். கைப்பட்டையின் பலமும் பலவீனமும் அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கின்றன. அந்த விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில், ஈ.சி.ஜி. இருக்கும்போது பிபி எதற்கு? ஈ.சி.ஜி. காட்டுவது இதயத்துக்குப் போகும் மின் கட்டளையை மட்டுமே. கட்டளை வந்ததும் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்கியது, சுருங்கும்போது உள்ளே எவ்வளவு இரத்தம் இருந்தது, அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியாது. திரையில் ஈ.சி.ஜி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, உடலுக்கு இரத்தமே போகாத நிலையும் உண்டு. அப்போது உண்மையைச் சொல்வது அழுத்தமும் நாடியும்தான்.

உறுப்புகளுக்குள் இரத்தத்தைத் தொடர்ந்து தள்ளுவது சராசரி அழுத்தம். நாம் சொல்லும் இரண்டு எண்களில், மேலே உள்ளது இதயம் சுருங்கும்போது தமனியில் ஏறும் உச்சம். கீழே உள்ளது அது தளர்ந்திருக்கும்போது மிஞ்சும் அழுத்தம். இதயம் சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரம் நீளம். அதனால் சராசரி இரண்டுக்கும் நட்டநடுவில் இல்லாமல் கீழ் எண் பக்கமாகச் சாய்ந்திருக்கும். 120/80 உள்ளவருக்குச் சராசரி ஏறக்குறைய 93. இது 65-க்குக் கீழே இறங்கினால் மயக்க மருந்து நிபுணர்கள் உடனே காரணத்தைத் தேடுவார்கள். அந்த நிலை நீடித்தால் சிறுநீரகத்துக்கும் இதயத் தசைக்கும் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் இருப்பவரின் உடல் கூடுதல் அழுத்தத்துக்கே பழகியிருக்கும். அவருக்கு 65-ஏ போதாமல் போகலாம். ஆகவே அறைக்குள் வரும்போது அவருடைய வழக்கமான பிபி என்ன என்பது, உள்ளே எடுக்கும் எந்த எண்ணுக்கும் குறையாத முக்கியம் உடையது.

இந்தச் சிகிச்சையில் அழுத்தம் ஏன் அலைபாய்கிறது என்று பார்ப்போம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் மின் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்பதை 1998-இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் அய்சகேரும் அவருடைய குழுவும் காட்டினார்கள். அதிலிருந்துதான் இன்றைய சிகிச்சை பிறந்தது. தொடை இடுக்கின் சிரை வழியாகக் கேத்தீட்டர் வலது மேலறைக்குப் போகிறது. இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் நுழைகிறது. அங்கே சிரைகளின் வாயைச் சுற்றி வடு உண்டாக்கி மின் தொடர்பை அறுக்கிறது. இடது பக்கத்தில் இரத்தக்கட்டி உண்டானால் நேராக மூளைக்குப் போய்விடும் என்பதால், உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் நிறையக் கொடுப்பார்கள். ஈ.பி. லேப் எனப்படும் இந்தச் சிகிச்சை அறையிலேயே இரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி சோதித்து, அதை 300 நொடிக்கு மேல் வைத்திருப்பது வழக்கம். சாதாரணமாக அதே சோதனையில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குள் உறைந்துவிடும்.

இந்த ஒவ்வொரு படியும் அழுத்தத்தைத் தொடுகிறது. தூங்க வைக்கும் புரோபோஃபால் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நோயாளி காலையிலிருந்து பட்டினியாக இருப்பதால் உடலில் நீர் குறைந்திருக்கும். ஒளிந்திருக்கும் பொறிகளை வெளிக்கொணர ஐசோபுரினலின் செலுத்தினால் துடிப்பு வேகமெடுக்கும், குழாய்கள் விரியும், அழுத்தம் சரியும். அடினோசின் சில நொடிகளுக்கு மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின் பாதையையே அடைத்துவிடும். சிரைகளுக்கு அருகில் இருக்கும் நரம்புக் கொத்துகளில் வெப்பமோ மின் துடிப்போ பட்டால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இதயம் திடீரென்று மெதுவாகி, அழுத்தம் விழும். 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பரவிய, மின் துடிப்பைப் பயன்படுத்தும் பல்ஸ்டு ஃபீல்டு முறையிலும் இந்த எதிர்வினை வருகிறது. பேசிங் செய்து இதயத்தை வேகமாக ஓட வைக்கும்போது கீழறைகள் நிரம்ப நேரம் கிடைக்காது, நாடி மெலியும். இவற்றில் பல, காரணம் தெரிந்தவை, சில நிமிடங்களில் சரியாகிவிடுபவை. மருந்தை நிறுத்தினாலோ, சலைனை வேகமாக ஓட விட்டாலோ, குழாய்களை இறுக்கும் ஃபினைலெஃப்ரின் கொஞ்சம் கொடுத்தாலோ அழுத்தம் மேலேறும்.

ஆனால் இந்த வழக்கமான சரிவுகளின் நடுவே ஒளிந்துகொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு கவனமும். சுவரைத் துளைக்கும் ஊசியோ கேத்தீட்டரோ இதயத்தின் மெல்லிய பகுதியைத் தாண்டிவிட்டால், இரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கசியும். உறை சட்டென்று விரியாது. வேகமாகச் சேர்ந்தால் 100, 200 மில்லி இரத்தமே போதும். வெளியிலிருந்து இதயத்தை நெருக்கி, அது நிரம்பவிடாமல் செய்துவிடும். டாம்பனாட் என்பது இதன் பெயர். ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருக்கும் உடலில் கசிவு தானாக நிற்பதும் கடினம். அனுபவம் உள்ள மையங்களில் இது நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. வந்தால், நிமிடங்கள் முக்கியம். இதயத்துக்குள் வைத்திருக்கும் எக்கோ குழாயிலோ மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவிலோ நீர் தெரிந்தவுடன், ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுத்து, மார்பெலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி இரத்தத்தை வெளியே எடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் இதிலேயே மீண்டுவிடுகிறார்கள். எக்கோவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களில் அழுத்தம் விழும் முன்பே கசிவு கண்ணில் பட்டுவிடுவதும் உண்டு. அப்படிப் பார்க்காதபோது, அறைக்கு வரும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் பிபி இறங்குவதுதான்.

இனி கைப்பட்டைக்கு வருவோம்.

1896-இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி காற்றுப் பட்டையைக் கையில் கட்டி, நாடியைத் தொட்டுப் பார்த்து மேல் எண்ணை அளந்தார். 1905-இல் ரஷ்ய அறுவைச் சிகிச்சை மருத்துவர் நிகோலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் வரும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறித்தார். இன்று லேபில் இருக்கும் தானியங்கி இயந்திரம் சத்தம் எதையும் கேட்பதில்லை. பட்டையைப் புடைக்க வைத்துத் தமனியை முழுதாக அடைக்கிறது. பிறகு படிப்படியாகக் காற்றை இறக்குகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தமனி உப்பும். அந்த உப்பல் பட்டைக்குள் இருக்கும் காற்றைச் சற்றே அதிர வைக்கும். பட்டையின் அழுத்தம் இறங்க இறங்க இந்த அதிர்வுகள் பெருகி, ஓர் உச்சத்தைத் தொட்டு, மீண்டும் சிறுக்கின்றன. அதிர்வு மிகப் பெரிதாக இருக்கும் இடம் சராசரி அழுத்தத்துக்கு நெருங்கி இருக்கும். 1976-இல் வந்த டைனாமேப் கருவியின் முதல் வடிவம் அந்தச் சராசரியையும் நாடித்துடிப்பையும் மட்டுமே காட்டியது.

இன்றைய கருவிகள் மூன்று எண்களையும் காட்டுகின்றன. ஆனால் இவற்றில் இயந்திரம் நேராகப் பிடிப்பது சராசரியைத்தான். மேல் எண்ணும் கீழ் எண்ணும், அதிர்வுகள் பெருகிச் சிறுக்கும் வளைவிலிருந்து ஒரு சூத்திரம் போட்டுக் கணக்கிடப்படுபவை. அந்தச் சூத்திரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று வைத்திருக்கிறது, வெளியே சொல்வதில்லை. இதனால்தான் ஈ.பி. லேபில் அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணரின் கண், பெரிய எழுத்தில் மின்னும் 110/70-ஐத் தாண்டி, அடைப்புக்குறிக்குள் சிறியதாக இருக்கும் மூன்றாவது எண்ணுக்குப் போகிறது. நோயாளியின் உறவினருக்கு அந்தப் பழக்கம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கட்டுரை படிப்பவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்பேன். வீட்டில் வைத்திருக்கும் பிபி கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இந்த முறைக்கு ஒரு தனிச் சிக்கல். சீரான துடிப்பில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டை 130-இல் இருக்கும்போது வந்த துடிப்பையும், 90-இல் இருக்கும்போது வந்த துடிப்பையும் ஒன்றாக ஒப்பிடலாம். ஃபிப்ரிலேஷனில் அப்படி இல்லை. இரண்டு துடிப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி கிடைத்தால் கீழறை நன்றாக நிரம்பி அடுத்த துடிப்பு பலமாக வரும். இடைவெளி குறுகினால் வெறும் பேருக்கு ஒரு துடிப்பு வரும், சில சமயம் மணிக்கட்டுக்கே அது எட்டாது. பட்டை தன் பாதையில் இறங்கும்போது எந்தப் படியில் எந்தத் துடிப்பைச் சந்திக்கிறது என்பது தற்செயல். பலமான துடிப்பு ஒன்று தவறான படியில் அகப்பட்டால் உச்சம் இடம் மாறிவிடும். படிக்கு ஒத்த இரண்டு துடிப்புகளுக்காகக் காத்திருக்கும் இயந்திரங்கள் அதிக நேரம் எடுக்கின்றன; சில வேளை முயன்று பார்த்துக் கைவிட்டு, எண்ணுக்குப் பதில் கோடுகளைக் காட்டுகின்றன.

இதனால் கைப்பட்டை ஃபிப்ரிலேஷனில் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு அளவீட்டை நம்பக் கூடாது என்பதுதான் விஷயம். அடுத்தடுத்து மூன்று முறை எடுத்துச் சராசரி போட்டால் தற்செயல் பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. மேல், கீழ் எண்களைவிடச் சராசரி அழுத்த எண் குறைவாகவே தடுமாறுகிறது. ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிபி கருவிகளுக்குப் பன்னாட்டுத் தர அளவு ஒன்று உண்டு, குறைந்தது 85 பேரிடம் சோதித்து, சராசரி விலகல் 5 மி.மீ. பாதரசத்துக்குள்ளும், சிதறல் 8-க்குள்ளும் இருக்க வேண்டும். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் சீரான துடிப்பு உள்ளவர்களை வைத்தே நடத்தப்படுகின்றன. துடிப்பு சிதறியவர்களுக்கு அந்தச் சான்றிதழ் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு இருப்பவரும் இதையே செய்யலாம்: உட்கார்ந்து, ஓரிரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, மூன்றையும் எழுதி டாக்டரிடம் காட்டுவது, ஒரே எண்ணைக் கண்டு பதறுவதைவிட நூறு மடங்கு மேல்.

சிகிச்சையின் நடுவில் துடிப்பு சீராகிவிட்டால், அல்லது ஷாக் கொடுத்துச் சீராக்கிவிட்டால், கைப்பட்டையின் எண்கள் உடனே அமைதியாகிவிடுவதைத் திரையில் காணலாம். அது சிகிச்சைக்குக் கிடைத்த பரிசு மட்டுமன்று. அளவீட்டுக்கும் கிடைத்த பரிசு.

இரண்டாவது சிக்கல் வேகம். கீழறையில் தோன்றும் வெண்ட்ரிகுலர் டேக்கிகார்டியா நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடும்போது தமனியின் உப்பல்கள் மிகச் சிறியவை. பட்டை அவற்றைப் பிடிக்கத் திணறும். அதைவிட முக்கியமானது இது: ஒரு அளவீடு முடிய இயல்பான நிலையிலேயே 30, 40 நொடிகள் ஆகும். அழுத்தம் மளமளவென்று சரிந்துகொண்டிருக்கும்போது அந்த 40 நொடியில் இயந்திரம் அளப்பது ஓடும் ஒரு பொருளை. முடிவில் வரும் எண் எந்த நொடியையும் குறிக்காது. தோற்றுப்போனால் மீண்டும் பட்டையைப் புடைக்கும், மீண்டும் 40 நொடி. இதற்கிடையில் பல மானிட்டர்களில் முந்தைய எண் அப்படியே திரையில் நிற்கும். மூன்று நிமிடத்துக்கு முன் எடுத்த 118/76 பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருக்க, படுத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் அதில் பாதி கூட இல்லாமல் இருக்கலாம். எண்ணின் பக்கத்தில் சிறியதாக எழுதியிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது இந்த அறையில் ஆபத்து.

மூன்றாவதாக, இறங்கும் அழுத்தத்தைக் கைப்பட்டை சற்று நயமாகவே சொல்கிறது. தமனிக்குள் நேராக அளந்த அளவோடு ஒப்பிட்டால், அழுத்தம் மிகக் குறைந்திருக்கும்போது கைப்பட்டை அதைக் கூட்டியும், மிக அதிகமாக இருக்கும்போது குறைத்தும் காட்டும் போக்கு உடையது. எச்சரிக்கை தேவைப்படும் நேரத்தில் அதன் குரல் தாழ்ந்து வருகிறது. அதனால் 88/50 என்று காட்டினால், உண்மை அதற்கும் கீழே இருக்கலாம் என்று நினைத்துச் செயல்படுவதே சரி.

அப்படியானால் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை? மயக்க மருந்தின் கீழ் இருக்கும் ஒருவருக்குக் குறைந்தபட்சம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் அடிப்படை விதி. உலகின் பல பகுதிகளிலும் இதை ஒட்டியே நடக்கிறார்கள். ஈ.பி. லேபில் 5 நிமிடம் நீளமானது என்பது என் கருத்து. 2 அல்லது 3 நிமிட இடைவெளி வைத்துக்கொண்டு, சுவரைத் துளைத்த உடனே, ஐசோபுரினலின் தொடங்கியதும், ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் பொத்தானை அழுத்திக் கையோடு ஒரு அளவீடு எடுப்பது நல்ல வழக்கம். ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. பல மணி நேரம் இடைவிடாமல் புடைத்த பட்டையால் தோலில் இரத்தப் புள்ளிகளும், அரிதாக நரம்புப் பாதிப்பும் வந்திருக்கின்றன.

இடைப்பட்ட நிமிடங்களில் காவல் இருப்பவை வேறு இரண்டு. விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியின் அலை ஒன்று. அதன் சதவீத எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அலையின் உயரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. நாடி மெலிந்தால் அந்த அலை அடுத்த துடிப்பிலேயே தட்டையாகிறது. இரண்டாவது, நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவின் அளவு. நுரையீரலுக்கு இரத்தம் போவது சட்டென்று குறைந்தால், மூச்சு மாறாமலிருந்தும் அந்த எண் சரியும். டாம்பனாடில் பல நேரம் இது பட்டைக்கு முன்பே பேசிவிடுகிறது. இரண்டுக்கும் ஊசி வேண்டாம். கைப்பட்டையை நம்பிச் செய்யும் சிகிச்சை உண்மையில் இந்த மூன்றையும் சேர்த்து நம்பிச் செய்யும் சிகிச்சைதான்.

பட்டையைக் கட்டும் விதத்திலேயே பல பிழைகள் தொடங்கிவிடுகின்றன. மேல்கையின் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. உள்ளவருக்கு வழக்கமான பெரியவர் அளவு. அதற்கு மேல் 44 வரை பெரிய பட்டை. 22 முதல் 26 உள்ளவருக்குச் சிறியது. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் எண் கூடிக் காட்டும். 100 உள்ளவருக்கு 115 என்று காட்டி அறையைத் தூங்க வைத்துவிடும். கை இதயத்தின் மட்டத்திலிருந்து 10 செ.மீ. உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ எண்ணில் 7, 8 மி.மீ. மாறிவிடும். கைகளை உடலோடு ஒட்டி, விரிப்புக்குள் மூடி வைக்கும் இந்த அறையில், மேசையின் மேல் சாய்ந்து வேலை செய்யும் டாக்டரின் உடல் பட்டையை நெருக்குவதும் நடக்கிறது. மருந்து ஓடும் கையிலேயே பட்டையையும் கட்டினால், அது புடைக்கும் ஒவ்வொரு முறையும் மருந்து நின்று, தளர்ந்ததும் ஒரே வீச்சாக உள்ளே போகும். ஆக்சிஜன் கருவியும் அதே கையில் இருந்தால், நாம் நம்பியிருக்கும் அந்த அலை ஒவ்வொரு அளவீட்டின்போதும் காணாமல் போகும். ஒரு கை பட்டைக்கு, மறு கை மருந்துக்கும் அலைக்கும் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது ஒரு நிமிட வேலை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, தமனிக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்துத் துடிப்புக்குத் துடிப்பு அளந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆர்ட்டீரியல் லைன் என்று சொல்லும் அந்த முறை மணிக்கட்டிலோ தொடையிலோ வைக்கப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பின் அலையும் திரையில் ஓடும். இதயத் தசை மிகவும் பலவீனமானவர்கள், வெண்ட்ரிகுலர் டேக்கிகார்டியாவை வேண்டுமென்றே தூண்டிச் செய்யும் அப்லேஷன், இதய உறைக்கு வெளியிலிருந்து நுழையும் சிகிச்சை போன்றவற்றில் இதைத் தவிர்க்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே 40 நொடி காத்திருக்க இடமில்லை.

மற்றவர்களுக்கு அப்படியில்லை. இடது பக்கத்துக்குத் தொடைத் தமனி வழியாக மகாதமனிக்குள் ஏறிப்போன காலத்தில் தமனியின் அழுத்தம் எப்படியும் கூடவே கிடைத்துவந்தது. இன்று மேலறைச் சிகிச்சை முழுக்கச் சிரை வழியாகவே நடக்கிறது. தமனியைத் தொடவே வேண்டாம். அழுத்தம் பார்ப்பதற்காக மட்டும் ஒரு தமனியில் குத்துவது, ஹெப்பாரினில் இரத்தம் நீர்த்துப்போயிருக்கும் உடலில் கூடுதலாக ஒரு துளை. வீக்கம், இரத்தக்கட்டு, தமனிச் சுவரில் பை போன்ற புடைப்பு, மிக அரிதாக விரல்களுக்கு இரத்தம் தடைப்படுவது என்று அதற்கென்றே சிக்கல்கள் உண்டு. குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலோ, அளவுமானி இதய மட்டத்தில் இல்லாமல் கட்டிலோடு இறங்கிவிட்டாலோ அந்த எண்ணும் பொய் சொல்லும். ஊசி வழி வந்தது என்பதாலேயே எண் உண்மையாகிவிடாது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதன் கதை அழகானது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில் யான் பெனாஸ் என்ற உடலியங்கியல் அறிஞர் 1973-இல் விரலில் மாட்டும் ஒரு சிறு பட்டையை அறிமுகப்படுத்தினார். பட்டைக்குள் அகச்சிவப்பு ஒளி விரலின் தமனி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு வந்து தமனி விரியப் பார்த்தால், பட்டை அதே நொடியில் காற்றழுத்தத்தைக் கூட்டி விரியவிடாமல் தடுக்கும். தமனி சுருங்கப் பார்த்தால் அழுத்தத்தைக் குறைக்கும். தமனியின் அளவு மாறாமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ, அதுவே அந்த நொடியில் தமனிக்குள் இருக்கும் அழுத்தம். வெளியே இருந்து தடுத்த பலத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் பலத்தைக் கண்டுகொள்வது எவ்வளவு நேர்த்தியான எண்ணம்! நெதர்லாந்தில் காரெல் வெசெலிங் குழுவினர் இதைச் செம்மைப்படுத்தி, அவ்வப்போது தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும் கருவியாக்கினார்கள். ஃபினாப்ரஸ் என்ற பெயரில் அது பரவியது.

துடிப்புச் சிகிச்சைத் துறையில் இந்த விரல் பட்டை முதலில் வேரூன்றியது அப்லேஷன் மேசையில் அல்ல, சாய்வு மேசையில். காரணமின்றி மயங்கி விழுபவர்களைச் சாய்த்து நிற்கவைத்து, மீண்டும் மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் சோதனையை 1986-இல் லண்டனில் கென்னியும் அவர் சகாக்களும் விவரித்தார்கள். மயக்கம் வரும் முன் அழுத்தம் 20, 30 நொடியில் சரிந்துவிடும். கைப்பட்டை புடைத்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். தமனியில் ஊசி குத்தினாலோ, அந்த வலியே முடிவைக் குலைத்துவிடும். அழுத்தம் முதலில் விழுந்ததா, துடிப்பு முதலில் மெதுவானதா என்பதை ஊசியின்றிப் பிரித்துக் காட்ட விரல் பட்டையால் முடிந்தது. அங்கே அதற்கு ஈடில்லை.

அப்லேஷன் அறையில் இன்னும் வழக்கு முடியவில்லை. துடிப்புக்குத் துடிப்பு அலை கிடைக்கிறது. ஃபிப்ரிலேஷனின் ஒழுங்கற்ற துடிப்புகளையும், பேசிங்கில் நாடி எங்கே மறைகிறது என்பதையும் அப்போதைக்கப்போது காட்டுகிறது. ஆனால் அளப்பது விரலில். மேல்கையின் அளவுக்கு அதைக் கணக்கிட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. விரல் குளிர்ந்திருந்தாலோ, இரத்தக் குழாய்களை இறுக்கும் மருந்து அதிகமாக ஓடினாலோ, குளிரில் விரல்கள் வெளுக்கும் ரேனோ நோய் இருந்தாலோ சமிக்ஞை மங்கிவிடும். அழுத்தம் மிக மோசமாகும் நேரம் பெரும்பாலும் விரல் குளிரும் நேரமும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. தானே சரிசெய்துகொள்ளும் சில நொடிகளில் அலை இடைவெளி விடும். ஊசியில்லாத் தொடர் கருவிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஓர் அலசல், அவற்றின் பிழை முன்னே சொன்ன 5, 8 என்ற வரம்பைத் தாண்டியது என்று காட்டியது. என் பார்வையில் விரல் பட்டை, அழுத்தத்தின் சரியான எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்வதில் தேர்ந்தது. கைப்பட்டை எண்ணைச் சொல்லட்டும், விரல் பட்டை போக்கைச் சொல்லட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைக்கும் ஏற்பாடு, ஊசி அவசியமில்லாத, ஆனால் சற்று அச்சம் தரும் நோயாளிகளுக்குப் பொருத்தமானது. செலவு ஒரு தடை. விரல் பட்டைகளுக்குத் தனியாகப் பணம் ஆகும்.

சிகிச்சைக்குப் போகிறவர் சொல்ல வேண்டியவை சில உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தால், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால், அந்தக் கையில் பட்டை கட்டக் கூடாது என்று அனுமதியாகும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டு கைகளிலும் எண் 10, 15 வித்தியாசப்படுகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அதையும் சொல்லலாம். கூடுதலாகக் காட்டும் கையில்தான் அளப்பார்கள். குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் பழக்கம் இருந்தால் விரல் பட்டைக்கு அது முக்கியம். முந்தைய வாரம் வீட்டில் எடுத்த பிபி குறிப்பைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பிபி மாத்திரையை அன்று காலை போடுவதா நிறுத்துவதா என்பதை மாத்திரைக்கு மாத்திரை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் பட்டையை உடனே அவிழ்க்க மாட்டார்கள். முதல் சில மணி நேரம் வார்டிலும் அது அடிக்கடி புடைக்கும். தூக்கம் கெடுகிறது என்று கழற்றிவிடச் சொல்ல வேண்டாம். கசிவு மெதுவாக இருந்தால் அது தெரியவருவது அந்த மணி நேரங்களில்தான். தொடைத் துளையிலிருந்து இரத்தம் வெளியே வராமல் வயிற்றின் பின்பக்கமாக உள்ளே சேர்ந்தால், முதுகு வலியும் இடுப்பு வலியும் இறங்கும் பிபியும் மட்டுமே அடையாளம். வீட்டுக்குப் போன பிறகும், சில நாட்கள், அரிதாகச் சில வாரங்கள் கழித்துக்கூட உறைக்குள் இரத்தம் சேரலாம். எழுந்தால் கண் இருட்டுவது, மூச்சு வாங்குவது, மார்பில் நெருக்குவது, வழக்கமாக 130 காட்டும் வீட்டுக் கருவி மூன்று முறை எடுத்தும் 95-ஐத் தாண்டாதது — இவற்றில் எது வந்தாலும் மறுநாள் ஓ.பி. வரை பொறுக்காமல், அப்லேஷன் செய்த விவரத்தையும் இரத்தம் உறையாமல் தடுக்க உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையும் சொல்லி, எக்கோ வசதியுள்ள அவசரப் பிரிவுக்கு அன்றே போக வேண்டும்.